பேரி மரத்து ஓரம்

அரசாங்கத்துக்கு நிலம் என்றால் இரண்டே வகைதான் தெரியும். மரம் இருந்தால் காடு, இல்லாவிட்டால் புல்வெளி. காட்டுக்கு ஒரு துறை, புல்வெளிக்கு ஒரு துறை. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டடம், தனித்தனி முத்திரை. புக்லோகா கிராமத்துக்கு மேலே, மலைச்சரிவில், வென்செலின் புல்வெளி முடிந்து ஊசியிலைக் காடு தொடங்கும் இடத்தில், இருபது தப்படி அகலத்துக்கு ஓர் ஓரம் கிடந்தது. அங்கே மரமும் உண்டு, புல்லும் உண்டு, நடுவில் ஒரு காட்டுப் பேரி மரமும் உண்டு. காட்டுத் துறைக்காரர் ஒருவர் எப்போதோ வந்து பார்த்து, மரம் போதாது என்று எழுதிவிட்டுப் போனார். புல்வெளித் துறைக்காரர் வந்து, மரம் அதிகம் என்று எழுதிவிட்டுப் போனார். இருவருக்கும் வேண்டாத நிலமாகிவிட்டதால் அந்த ஓரம் வருஷக்கணக்கில் நிம்மதியாக இருந்தது.

வென்செலுக்கு அது வேண்டிய நிலம். ஐம்பதை நெருங்கும் வயதில் அவருக்கு இருந்ததெல்லாம் மனைவி ரெபேகா, விராக் என்ற பசு, அதன் கன்று, கீழ்ப் புல்வெளி, மேல் ஓரம், இவ்வளவுதான். கீழே ஜூன் கடைசியில் அறுப்பார். ஓரத்தை மட்டும் ஆகஸ்டில் மாதா திருநாள் கழிந்த பிறகுதான் தொடுவார், அதிலும் பாதியைத்தான். மறு பாதி அடுத்த வருஷத்துக்கு. பனி உருகியதும் காட்டிலிருந்து இறங்கி வந்து முளைத்திருக்கும் மரக்கன்றுகளை ஒவ்வொன்றாகக் கொத்தி எடுப்பார். பரணில் உதிர்ந்து கிடக்கும் புல்விதையைக் கூட்டிச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் அங்கே தூவுவார். அந்த ஓரத்துப் புல்லைத் தனிப் போராகப் போட்டு வைத்திருப்பார்கள். கன்று ஈன்ற பசு தீனி எடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்தப் போரிலிருந்து ஒரு கை உருவிப் போட வேண்டும். காட்டுச் செடியும் வெளிச் செடியும் கலந்த அந்தப் புல்லை எந்தப் பசுவும் வேண்டாம் என்றதில்லை.

இதெல்லாம் ஊரில் யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. ஓர்ஷோயாவுக்குப் பட்டது.

ஓர்ஷோயா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் செடிகளை ஆராய்பவள். வென்செலைவிடப் பத்து வயது இளையவள். கோடைக்குத் தங்க இடம் கேட்டு வந்தவள் மூன்று கோடை தங்கினாள். ரெபேகா போட்ட தயிரைக் குடித்து, ரெபேகா கிண்டிய சோளக்களியைத் தின்று, காலையிலிருந்து மாலைவரை ஓரத்தில் மண்டியிட்டு, ஒரு மரச்சட்டத்தைத் தரையில் வைத்து அதற்குள் இருக்கும் செடிகளை எண்ணினாள். முதல் கோடையில் வென்செலை "ஐயா" என்றாள். இரண்டாவது கோடையில் "அண்ணே" ஆகிவிட்டது.

"அண்ணே, ஒரே சட்டத்துக்குள்ள அறுபத்தெட்டு வகை இருக்கு. உலகத்துல வேற எங்கயும் நான் இப்படிப் பார்த்ததில்ல."

"இங்க விதை தூவுற சாக்கை ஒருநாள் காட்டுறேன் வா. அப்புறம் எண்ணு."

காட்டினார். சாக்கை, களைக்கொத்தை, எந்தப் பாதியை எந்த வருஷம் அறுப்பது என்பதை, பேரி மரத்தடியில் மட்டும் ஏன் அரிவாளைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை, எல்லாவற்றையும் காட்டினார். அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். அவருடைய இடுப்பில் தொங்கும் மாட்டுக் கொம்பில் சாணைக்கல் தண்ணீரில் ஊறுவதைக்கூட எழுதினாள். தன் வேலையை ஒருவர் எழுதிக்கொள்வது வென்செலுக்குப் புதிது. அன்றிலிருந்து மரக்கன்றுகளை இன்னும் கொஞ்சம் அக்கறையாகவே கொத்தினார்.

அவள் எழுதிய புத்தகம் வந்தது. ஒரு பிரதி வென்செலுக்கும் வந்தது. கையெழுத்துப் போட்டு, "என் அண்ணனுக்கு" என்று எழுதியிருந்தாள். வென்செல் அதை வேதப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் அவர் அடிக்கடி திறப்பதில்லை.

புத்தகத்தைத் தலைநகரில் யாரோ திறந்துவிட்டார்கள். காடும் அல்லாத, வெளியும் அல்லாத நிலங்களைக் காப்பாற்ற இடைநில ஆணையம் என்று ஒன்று பிறந்தது. பழைய பால் பண்ணைக் கட்டடத்தை அதற்குக் கொடுத்தார்கள். காட்டுத் துறை இருபத்தோரு பேரை அனுப்பியது. அதைக் கேள்விப்பட்ட புல்வெளித் துறையும் அன்று மாலையே இருபத்தோரு பேரை அனுப்பியது. காட்டுக்காரர்கள் இடது பக்க அறைகளில் உட்கார்ந்தார்கள், புல்காரர்கள் வலது பக்கம். நடுவில் இருந்த நடைவழியில் யாரும் நிற்பதில்லை. அது எந்தத் துறைக்குச் சேர்ந்தது என்று முடிவாகவில்லை, அதனால் அங்கே விளக்கும் போடவில்லை. இந்த நாற்பத்திரண்டு பேருக்கும் மேலே இயக்குநராக ஓர்ஷோயா வந்தாள்.

"நம்ம பொண்ணு" என்று வென்செல் ஊரெல்லாம் சொன்னார்.

"உன் தங்கச்சி பெரிய ஆளாயிட்டா, இனிமே தயிர் கேக்க மாட்டா" என்றாள் ரெபேகா. அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே எதிலும் நம்பிக்கை கிடையாது.

ஆணையத்தின் முதல் வேலை, இடைநிலம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிப்பது. துணை இயக்குநர் பராபாஷ் முப்பது பேருடன் வந்து வென்செலின் புல்வெளியில் நின்று பேசினார். கொழுத்த மனிதர், மலையேறியதில் மூச்சு வாங்கியது, ஆனாலும் பேச்சை விடவில்லை.

"இடைநிலம்னா என்ன? எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு சொல்ல முடியாத நிலம். அதோட பெருமையே அதுதான். அதனால நாம முதல்ல செய்ய வேண்டியது, அது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு முடிவு பண்றது."

கைதட்டினார்கள். பச்சைக் கட்டைகளை வரிசையாக அடித்தார்கள். மறு வாரம் ஒரு சிக்கல் கிளம்பியது. கட்டைக்கு இந்தப் பக்கம் சாதாரணப் புல்வெளி, அந்தப் பக்கம் இடைநிலம். மாற்றம் திடீரென்று நிகழ்கிறது, இது இயற்கைக்கு விரோதம். ஆகவே இடைநிலத்துக்கும் புல்வெளிக்கும் நடுவில் இன்னோர் இடைநிலம் வேண்டும் என்று தீர்மானமாகி, மஞ்சள் கட்டைகள் வந்தன. மஞ்சளுக்கும் வெளிக்கும் நடுவில் நீலம் வந்தது. கோடை முடிவதற்குள் ஏழு வரிசைகள், ஏழு நிறங்கள், மலையிலிருந்து இறங்கி வென்செலின் கொல்லைவரை வந்துவிட்டன. ஆறாவது வரிசை எருக்குவியலுக்கு நடுவே போனது. குவியலின் மேல் பாதி இயற்கை என்றும், கீழ்ப் பாதி பண்பாடு என்றும் அட்டை கட்டினார்கள். வென்செல் எந்தப் பாதியில் சாணத்தைக் கொட்டுவது என்று கேட்டதற்கு, எழுத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள்.

பிறகு படிப்படி விதி வந்தது. இயற்கையில் எதுவும் சட்டென்று மாறுவதில்லை, ஆகவே இடைநிலத்துக்குள் நுழையும் எந்த உயிரும் ஒவ்வொரு நிறத்திலும் இருபது நிமிஷம் நின்று பழகிய பிறகே அடுத்த நிறத்துக்குப் போகலாம். வென்செல் விராக்கை ஓட்டிக்கொண்டு போனால் காவலர் கடிகாரத்தைப் பார்த்தபடி கூடவே நடந்தார்.

"இது பசுங்க. இதுக்கு இந்த மலை பழக்கந்தான்."

"பசுவுக்குப் பழக்கம். விதிக்குப் பழக்கமில்லையே. நீலத்துல இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு, நில்லுங்க."

விராக் நீலத்தில் நின்றது. அங்கிருந்த நீலக் கட்டையை நக்கியது. காவலர் அதையும் குறித்துக்கொண்டார். அந்த விதி பசுவுக்கு மட்டுமல்ல, ஆணையத்தாருக்கும் சேர்த்துத்தான். கணக்கெடுக்க வந்தவர்கள் ஒவ்வொரு நிறத்திலும் இருபது நிமிஷம் நின்று, பழகி, ஓரத்தைத் தொடுவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். சாப்பிட்டுவிட்டு மறுபடி முதல் நிறத்திலிருந்து வர வேண்டும், அதற்குள் திரும்பிப் போகும் பஸ் வந்துவிடும். அதனால் ஓரத்தின் நிலைமையை அலுவலகத்திலேயே உட்கார்ந்து எழுதும் வழக்கம் ஏற்பட்டது. எல்லா அறிக்கையிலும் நிலைமை நன்றாகவே இருந்தது.

வென்செல் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். ஓர்ஷோயா மேலே இருக்கிறாள், கடைசியில் அவள் சொல்லாமலா போய்விடுவாள் என்று ரெபேகாவிடம் சொன்னார். ரெபேகா பால் செம்பைக் கழுவினாள்.

செப்டம்பரில் ஊர் மன்றத்தில் விசாரணை வைத்தார்கள். ஓரம் எத்தனை காலமாக அதே இடத்தில் இருக்கிறது என்பதற்கு உயிருள்ள சாட்சி தேவைப்பட்டது. வென்செல் சவரம் செய்துகொண்டு, கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். மேடையில் நடுவில் ஓர்ஷோயா, பக்கத்தில் பராபாஷ். அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அவள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காட்டோட ஓரம் அந்தப் பேரி மரத்துலதான் இருந்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் பராபாஷ்.

"அங்கதான் எங்க அப்பா என்னை அறைஞ்சார்."

மன்றத்தில் ஊர்க்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களில் பாதிப் பேருக்கும் எங்கேயாவது ஒரு மரத்தடியில் அப்படி ஓர் அறை விழுந்திருந்தது. ஆணையத்தார் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எல்லையைச் சுத்தி வருவாங்க, ஊர்ப் பெரியவங்க, காட்டுக் காவலர் எல்லாரும்" என்றார் வென்செல். "சின்னப் பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போவாங்க. எனக்கு அப்ப ஏழு வயசு. பேரி மரத்துக்கிட்ட வந்ததும் அப்பா ஒண்ணும் சொல்லாம ஓங்கி ஒண்ணு வெச்சார். அழுதேன். உடனே ஒரு தேன்ரொட்டி கொடுத்து, 'எங்க அடிச்சேன்?'னு கேட்டார். 'இங்க'ன்னேன். 'அதை மறக்காத'ன்னார். மறக்கல. காகிதம் எரிஞ்சு போகும், கல்லை நகர்த்திருவாங்க. அறை வாங்கின இடத்தை யாரும் நகர்த்த முடியாது."

"பிரமாதம்" என்றார் பராபாஷ். அவர் கண்ணில் ஒரு புது விதியின் ஒளி தெரிந்தது. "அப்ப நாப்பத்தாறு வருஷமா அந்த ஓரம் தானாவே அங்க நிக்குது."

வென்செல் அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். ஆனால் தன் வேலையைப் பற்றி இத்தனை பேர் கேட்க உட்கார்ந்திருப்பது வாழ்க்கையில் ஒரு தடவைதான் வரும்.

"தானா எங்கங்க நிக்கும்? ஒரு வசந்தம் விட்டா காடு இறங்கிரும். நான்தான் மரக்கன்று கொத்துறேன். நான்தான் பாதி அறுத்து, பாதி விடுறேன். விதை தூவுறது நான். இயக்குநரம்மாவையே கேளுங்க, எல்லாம் காட்டியிருக்கேன்."

பராபாஷ் மெதுவாக ஒரு புத்தகத்தைத் திறந்தார்.

"இயக்குநரம்மா நூல், பக்கம் பதினொண்ணு. 'மனிதக் கை படாத, தன்னைத்தானே காத்துக்கொள்ளும் அரிய இடைநிலம்.' இந்த ஒரு வரியிலதான் நம்ம ஆணையமே நிக்குது." புத்தகத்தை மூடினார். "மனிதக் கை படாததுன்னு அச்சுல இருக்கு. நீங்க கை பட்டதுன்னு சொல்றீங்க. ரெண்டுல எது சரி?"

வென்செல் ஓர்ஷோயாவைப் பார்த்தார். கறுப்புக் கோட்டுக் கைக்குள்ளிருந்து தன் இரண்டு கைகளையும் வெளியே நீட்டினார், விரல் கணுக்களெல்லாம் காய்த்துப் போயிருந்தன.

"அப்ப இது என்ன கை, தங்கச்சி?"

மன்றத்தில் யாரோ இருமினார்கள். ஓர்ஷோயா தண்ணீர்க் கோப்பையை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள்.

"நான் செடிகளை மட்டுந்தான் எண்ணினேன்" என்றாள்.

மூன்று கோடை. தயிர், சோளக்களி, அண்ணே, சாக்கு, கொத்து, கொம்பு. வென்செலுக்குக் கோபம் உடனே வரவில்லை. தனக்குத்தான் ஏதோ ஞாபகப் பிசகு என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தார். வீட்டுக்கு வந்து வேதப் புத்தகத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தப் புத்தகத்தை எடுத்து ரெபேகாவிடம் கொடுத்தார். ரெபேகா முந்நூறு பக்கத்தையும் அடுப்படியில் உட்கார்ந்து புரட்டினாள். அறுபத்தெட்டுச் செடிகளுக்கும் ஆளுக்கொரு பக்கம் இருந்தது. பேரி மரத்துக்கு இரண்டு. பசுவுக்குக்கூட அடிக்குறிப்பில் ஒரு வரி இருந்தது, சாணத்துக்காக. வென்செல் எங்கேயும் இல்லை.

"முன்னால ஒரு வரி எழுதியிருக்காளே, கையால" என்றார் வென்செல்.

"அது உன் பிரதியில மட்டுந்தான்" என்றாள் ரெபேகா.

பத்து நாளில் ஆணை வந்தது. ஓரத்தில் மனிதத் தலையீடு நடப்பதாகச் சாட்சியே ஒப்புக்கொண்டதால், சாட்சி இனி பச்சைக் கட்டைகளைத் தாண்டக் கூடாது. அங்கே வேலி போடப்படும். நிலம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். இரண்டாவது பக்கத்தில், பராபாஷ் எழுதிய ஒரு பிரிவு: உள்ளூர் மரபை மதிக்கும் வகையில், புதிய எல்லையைக் குடியிருப்பவர் மறவாதிருக்க, அவருக்கு எல்லையறை ஒன்று முறைப்படி வழங்கப்படும். வலது கன்னம். வழங்குபவர், ஆணையத்தின் மிக மூத்த அதிகாரி. அதற்குப் பிறகு தேன்ரொட்டி ஒன்று அளிக்கப்படும்.

விழாவுக்கு நாற்பத்திரண்டு பேரும் வந்தார்கள், வாத்தியக்காரர்களும் வந்தார்கள். படிப்படி விதியின்படி எல்லோரும் நிறத்துக்கு இருபது நிமிஷம் நின்று வந்ததில் ஊதுகுழல்காரர் பச்சையை எட்டுவதற்குள் களைத்துப்போனார். பேரி மரத்தடியில் பராபாஷ் பேசினார்.

"சிலர் கேக்கறாங்க, இந்த மனுஷன்தானே இதைக் காப்பாத்தினவர்னு. நான் சொல்றேன், ஆமா. அதனாலதான் அவர்கிட்டேயிருந்து இதைக் காப்பாத்தறோம். காப்பாத்தறவங்க இருக்கிற வரைக்கும் இது காப்பாத்தப்படுற நிலம்தானே. ஆணையத்துக்கு வேண்டியது தன்னைத்தானே காப்பாத்திக்கிற நிலம். அப்பத்தான் நாங்க எதுவும் செய்யாம இருக்கறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்."

கைதட்டல் அடங்கியதும் ஓர்ஷோயா முன்னால் வந்தாள். வெள்ளைக் கையுறை போட்டிருந்தாள், முறைப்படி. வென்செல் தொப்பியைக் கழற்றினார்.

"அண்ணே, நீங்க இருக்கீங்கன்னு எழுதியிருந்தா இதை விவசாய நிலம்னு தள்ளியிருப்பாங்க" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "ஆணையமே வந்திருக்காது."

"ஆணையம் வராம இருந்தா ஓரம் இருந்திருக்கும்."

"நான் என்ன பண்றது. முறைன்னு ஒண்ணு இருக்கே."

"முறைன்னா அடி. எல்லாரும் காத்திட்டிருக்காங்க."

அவள் கையைத் தூக்கினாள். கையுறை அவர் கன்னத்தில் பட்டது, அவ்வளவுதான். குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல இருந்தது. வாத்தியம் முழங்கியது. வென்செல் பராபாஷின் பக்கம் திரும்பினார்.

"தேன்ரொட்டி எங்க?"

பராபாஷ் காகிதத்தைப் புரட்டினார். ரொட்டிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியிருப்பதாகவும், ஒரே ஒருவர்தான் விண்ணப்பித்ததால் மறுபடி கோர வேண்டியிருப்பதாகவும் சொன்னார்.

வேலி வந்தது. வென்செல் கீழ்ப் புல்வெளியை மட்டும் அறுத்தார். வசந்தம் தோறும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பார். முதல் வருஷம் மரக்கன்றுகள் முழங்கால் உயரம். கொத்தால் இரண்டு நாள் வேலை. "ராத்திரியில போய்க் கொத்திட்டு வந்துரலாமே" என்றாள் ரெபேகா. இத்தனை வருஷம் பகலில் செய்த வேலையைத் திருடனைப்போலச் செய்ய மாட்டேன் என்றார். மூன்றாவது வருஷம் கன்றுகள் அவர் தோள் உயரம். நான்காவது வருஷம் விராக் மறுபடி ஈன்றுவிட்டுத் தீனி எடுக்காமல் படுத்தது. தனிப் போரில் கடைசியாக இருந்த ஒரு கைப் புல்லை எடுத்து வைத்தார்கள். அதைத் தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்று பார்த்தது. இன்னும் இல்லை. பசு பிழைத்தது, பால் பழையபடி வரவில்லை. ஐந்தாவது வருஷம் பேரி மரம் நிழலில் பட்டுப்போய்ச் சாய்ந்தது. ஆறாவது வருஷம் வேலிக்கம்பியே மரங்களுக்குள் மறைந்துவிட்டது. ஆணையத்தின் ஆண்டறிக்கை ஆறிலும் இடைநிலம் சிறந்த நிலையில் இருந்தது. அதற்காக ஓர்ஷோயாவுக்குத் தலைநகரில் பதக்கம் கொடுத்தார்கள்.

ஏழாவது வருஷம் தலைநகரிலிருந்து தணிக்கைக்காரர் ஒருவர் வந்தார். ஒல்லியான, சந்தேகப் புத்தியுள்ள மனிதர். இடைநிலத்தைப் பார்க்க வேண்டும் என்றார். இப்படி ஒரு கோரிக்கை ஆணையத்துக்கு இதுவரை வந்ததில்லை. ஓர்ஷோயாவும் பராபாஷும் அவரை மலைக்கு அழைத்துப் போனார்கள். வரைபடம் காட்டிய இடத்தில் காடு இருந்தது. இன்னும் மேலே போனார்கள், அங்கேயும் காடு இருந்தது. கீழே இறங்கினார்கள், வெட்டினாற்போல வென்செலின் புல்வெளி இருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. கட்டைகளின் நிறம் உரிந்து, அவை எல்லாம் வெறும் கட்டைகளாக இருந்தன.

"ஏழு வருஷமா நீங்க காப்பாத்தின இடம் எங்க?" என்று கேட்டார் தணிக்கைக்காரர்.

பராபாஷ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, உயிருள்ள சாட்சி ஒருவர் இருக்கிறார் என்றார்.

வென்செல் கொட்டகை வாசலில் உட்கார்ந்து சின்னப் பட்டறைக்கல்லில் அரிவாளின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்தார். ஓர்ஷோயாவின் தலை நரைத்திருந்தது. அவள் "அண்ணே" என்றாள். அவர் தணிக்கைக்காரரிடம் மட்டும் என்ன வேண்டும் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னார்கள்.

"நான் உள்ள வரக்கூடாதுன்னு ஆணை இருக்கே."

"இன்னைக்கு வரலாம்" என்றார் தணிக்கைக்காரர்.

வென்செல் எழுந்தார். எந்த நிறத்திலும் நிற்கவில்லை. புல்வெளியைத் தாண்டி, மரங்களுக்கு நடுவே குனிந்து, கிளைகளை முழங்கையால் தள்ளிக்கொண்டு நேரே போனார். பின்னால் வந்தவர்களின் கோட்டுகள் கிழிந்தன. உள்ளே வெயில் இல்லை, புல் இல்லை. காய்ந்த ஊசியிலைகள் மட்டும் தரை முழுக்கக் கிடந்தன. ஓரிடத்தில் வந்து நின்று, காலால் தரையைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க."

"எப்படிச் சொல்றீங்க? வரைபடத்துல இருக்கிற பேரி மரத்தைக்கூடக் காணோமே" என்றார் தணிக்கைக்காரர்.

"மரம் எதுக்கு? இங்கதான் ஓர்ஷோயா என்னை அடிச்சா."

தணிக்கைக்காரர் பேனாவை நிறுத்தி இயக்குநரைப் பார்த்தார். ஓர்ஷோயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தணிக்கைக்காரரின் கையிலிருந்த படிவத்தில் அடுத்த கேள்விக்கு ஓர் இடம் காலியாக இருந்தது.

"பலமாவா?"

"இல்ல. சும்மா தொட்ட மாதிரித்தான்." வென்செல் கையிலிருந்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "எங்க அப்பா ஓங்கி அறைஞ்சது, தேன்ரொட்டி தின்னு முடிக்கறதுக்குள்ள ஆறிருச்சு. இது இன்னும் ஆறல."

இடம் உறுதி செய்யப்பட்டது என்று எழுதி, தணிக்கைக்காரர் படிவத்தை ஓர்ஷோயாவிடம் நீட்டினார். அவள் அதை ஒரு மரத்தின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.